இஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலமும் கே.சி.எஸ். பணிக்கரும்: ஒரு கலைப்பள்ளி முதல்வரை எதைக் கொண்டு அளப்பது?

கேள்வி: தமிழாசிரியை, கும்பகோணம்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். நம் ஊர் அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்து சிற்பம் படிக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டுப் பெரியவர்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. "மண்ணைப் பிசைந்து என்ன சம்பாதிக்கப் போகிறாள்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் இழிவாக நினைக்கவில்லை. மேட்டூரில் தண்ணீர் திறக்கும் நாளை வைத்தே ஆண்டின் வரவு செலவைக் கணக்கிடுகிற குடும்பத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

சென்ற மாதம் அவளை அழைத்துக்கொண்டு சென்னைக்குச் சென்றபோது, இஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பார்த்தோம். பெயர்ப்பலகையைப் படித்தவுடன் எனக்கு உள்ளம் நெகிழ்ந்துவிட்டது. சோழமண்டலம் என்பது நாம் பிறந்து வளர்ந்த நிலத்தின் பெயர். ஐரோப்பியர் வாயில் அது கோரமண்டல் ஆகி, தென்கிழக்குக் கரைக்கே பெயராக வழங்கலாயிற்று. அந்தப் பெயரை எடுத்து 1966ஆம் ஆண்டு ஒரு கலைஞர் குடியிருப்புக்கு வைத்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கே.சி.எஸ். பணிக்கர் என்றும், அவர் அப்போது சென்னைக் கலைப்பள்ளியின் (இன்றைய சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியின்) முதல்வராக இருந்தார் என்றும் அங்கே அறிந்தேன்.

ஊர் திரும்பியது முதல் என் மனத்தில் ஒரு கேள்வி நிற்கிறது. அரசு ஊழியத்தில் உள்ள ஒரு முதல்வர், தேர்வும் சான்றிதழும் முடிந்தவுடன் தம் கடமை முடிந்தது என்று இருந்திருக்கலாம். அவர் ஏன் மாணவர்களோடு சேர்ந்து மணல்வெளியில் நிலம் வாங்கினார்? முதல்வராக அவர் உண்மையில் செய்தது என்ன? அதில் இன்று டெல்டாவில் கலை படிக்கப் போகிற ஒரு பெண்ணுக்குப் பயன்படக்கூடியது ஏதேனும் உண்டா? அவருடைய ஓவியங்களின் சிறப்பை நூல்களில் தேடிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எனக்குத் தேவைப்படுவது அந்த நாற்காலியில் அமர்ந்திருந்த மனிதரைப் பற்றிய விளக்கம்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், மயிலாடுதுறை

அம்மா, தங்கள் கேள்வி என்னைப் பழைய நினைவுகளுக்கு இழுத்துச் சென்றுவிட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூந்தொட்டியும் பனைமரமும் வரையக் கற்றுக்கொடுத்தவன் நான். பணிக்கரை நேரில் கண்டதில்லை. ஆனால் எனக்குக் கற்பித்த ஆசிரியர், அவர் முதல்வராக இருந்த காலத்தில் சென்னையில் பயின்றவர். ஆகவே எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பணிக்கர் 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பத்தின் வேர் மலபாரில், பொன்னானியை அடுத்த வெளியங்கோட்டில் இருந்தது. வாய்க்காலும் தென்னந்தோப்பும் நிறைந்த அந்த ஊர்க் காட்சிகளைச் சிறு வயதிலேயே நீர்வண்ணத்தில் தீட்டத் தொடங்கியவர், குடும்பச் சூழலால் உடனே கலை படிக்க முடியாமல் தந்தித் துறையில் வேலை பார்த்தார். காப்பீட்டுத் தொழிலும் செய்தார். சென்னைக் கலைப்பள்ளியில் அவர் மாணவராகச் சேர்ந்தது 1936ஆம் ஆண்டு, அதாவது இருபத்தைந்து வயதில். இதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். சம்பளம் வாங்கிய கை, அந்தச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தூரிகையைப் பிடிக்க வந்தது. பிழைப்பு என்றால் என்ன என்று அறியாத ஒருவர் பின்னாளில் மாணவர்களின் பிழைப்பைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டிருப்பாரா என்பது எனக்கு ஐயமே.

அவர் சேர்ந்த பள்ளியின் கதையையும் சொல்ல வேண்டும். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850ஆம் ஆண்டு தொடங்கிய அந்தப் பள்ளி, நெடுங்காலம் கைத்தொழில் பயிற்சிக்கூடமாகவே இயங்கியது. தச்சு, உலோக வேலை, மட்பாண்டம் போன்றவையே அங்கே முதன்மையாக இருந்தன. ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் அங்கே இருந்த காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைக்கூட அந்தப் பட்டறையில்தான் தொடங்கிவைத்தார். 1929ஆம் ஆண்டு தேவி பிரசாத் ராய் சவுத்ரி தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே. சென்னை மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். அவர் காலத்தில் ஓவியமும் சிற்பமும் பள்ளியின் நடுவிடத்துக்கு வந்தன. ஆனால் இந்த மாற்றத்தில் ஒரு சிக்கலும் பிறந்தது. பழைய மாணவன் கைத்தொழில் கற்று வெளியேறினான். அவனுக்கு வேலை இருந்தது. புதிய மாணவன் ஓவியனாக வெளியேறினான். அவன் தீட்டியதை வாங்க ஆள் இல்லை. விளம்பர நிறுவனத்திலோ, நெசவாளர் சேவை மையத்திலோ, என்னைப் போல் பள்ளிக்கூடத்திலோ வேலை தேடிக்கொண்டு, வரைவதை விடுமுறை நாளுக்கு ஒதுக்கிவைப்பதே பலருடைய கதையாயிற்று.

பணிக்கர் 1941 முதல் அதே பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1944ஆம் ஆண்டு முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். சென்னை ஓவியர்களின் படைப்புகள் காட்சிக்கு வருவதற்கும், அவற்றைப் பற்றிப் பேச்சு எழுவதற்கும் அந்தச் சங்கம் வழி செய்தது. 1954ஆம் ஆண்டு ஐரோப்பாவுக்குச் சென்று இலண்டன் முதலிய இடங்களில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். திரும்பி வந்த பிறகு அவரை வாட்டிய கேள்வி, மேற்கத்திய ஓவியத்தின் நிழலாக இல்லாமல் நம் கண்ணுக்கும் நம் மண்ணுக்கும் உரிய நவீன ஓவியம் எப்படி இருக்கும் என்பது. 1957ஆம் ஆண்டு ராய் சவுத்ரி ஓய்வு பெற்றபோது பணிக்கர் முதல்வரானார். 1967 வரை, பத்து ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார்.

அந்தப் பத்து ஆண்டுகளில் அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது, கைவினையை மீண்டும் ஓவியர்களின் கையில் கொடுத்தது. பாத்திக் (துணியில் மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் வேலை), உலோகத் தகடு, மண்பாண்டம் ஆகியவற்றை ஓவிய மாணவர்களும் சிற்ப மாணவர்களும் செய்து பார்த்தார்கள். அவர்கள் செய்த பொருள்களைக் கண்காட்சி வைத்து விற்றார்கள். ஓவியத்தை வாங்கத் தயங்கிய சென்னைவாசிகள் பாத்திக் துணியை விரும்பி வாங்கினார்கள். இதற்கென்று கலைஞர்களின் கைவினைச் சங்கம் ஒன்று அமைந்தது. அந்த விற்பனைப் பணத்தில்தான் இஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். நகரத்துக்கு வெளியே, கடலோர மணல். அன்று அங்கே வசதி என்று சொல்ல ஒன்றும் கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அங்கே மனை பெற்றார்கள். காலையில் கைவினை, மற்ற நேரத்தில் தம் கலை என்று வாழத் தொடங்கினார்கள்.

அவர் ஓய்வு பெற்றது 1967இல். கிராமம் தொடங்கியது 1966இல். நாற்காலியை விட்டு இறங்குவதற்கு முன்பே மாணவர்கள் நிற்பதற்கு ஓர் இடத்தை அமைத்துவிட்டார் என்பதே தங்கள் கேள்விக்கு என் விடை. ஒரு முதல்வரின் பணியைத் தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டு அளப்பது நம் வழக்கம். சான்றிதழ் வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டும் மாணவன் மறுநாள் காலையில் எங்கே போவான் என்பதையும் தம் பொறுப்பாக ஏற்றுக்கொண்டவர் பணிக்கர். எனக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. நான் பயின்ற நிறுவனத்தில் இறுதித் தேர்வன்று எங்கள் படங்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பிறகு எவரும் எங்களைத் தேடவில்லை, நாங்களும் போகவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

மறுமொழி 2: வார்ப்புப் பட்டறை, சுவாமிமலை

ஐயா எழுதியது அனைத்தையும் மதிப்போடு படித்தேன். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. அதைப் பணிவோடு முன்வைக்கிறேன்.

நாங்கள் பரம்பரையாக ஐம்பொன் திருமேனி வார்ப்பவர்கள். தென்னை ஓலை நறுக்கை மடித்துத் திருமேனியின் உறுப்பளவுகளுக்கான தாலக் கணக்குப் பார்த்து, தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவத்தைப் பிடித்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, உலர்த்தி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறோம். எங்கள் வீட்டில் "இது பிழைப்புக்கு, இது கலைக்கு" என்ற பிரிவு கிடையாது. தாத்தா காலையில் வார்த்ததும் மாலையில் வார்த்ததும் ஒரே திருமேனிதான். அதை வாங்கிச் சென்றவர் கொடுத்த பணத்தில்தான் அரிசி வாங்கினோம். அதையே கோயிலில் கைகூப்பி வணங்கினோம். ஆகவே, காலையில் பாத்திக் செய்து மாலையில் ஓவியம் தீட்டுவது என்ற ஏற்பாட்டைக் கேட்கும்போது, கைவினையைக் கலைக்குச் சோறு போடும் வேலைக்காரியாக வைத்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. பாத்திக் துணியில் பெயர் எழுதிக்கொள்ளாமல் ஓவியத்தில் மட்டும் பெயர் எழுதிக்கொள்வது எங்களைப் போன்றவர்களுக்குப் புரியாத ஒன்று. எங்கள் பக்கம் எந்தத் திருமேனியிலும் பெயர் இருப்பதில்லை.

மற்றொன்றும் சொல்கிறேன். சோழமண்டலம் என்ற பெயரைக் கேட்டவுடன் ஆசிரியை அம்மாவுக்கு உள்ளம் நெகிழ்ந்ததாக எழுதியிருக்கிறார். எனக்கோ முதலில் சிறு வருத்தமே ஏற்பட்டது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளின் பெருமையைப் பெயரில் ஏற்றுக்கொண்டவர்கள், அதே வார்ப்பை விடாமல் செய்துவருகிற எங்கள் பட்டறைகளை எந்த அளவுக்கு உடன் அழைத்துச் சென்றார்கள் என்ற வருத்தம் அது.

இவ்வளவும் சொன்னாலும், பணிக்கர் செய்த ஒரு செயலை எங்கள் தொழிலில் உள்ளவர்கள்தாம் சரியாக உணர முடியும் என்று நினைக்கிறேன். ஒரு பட்டறைத் தலைவருக்குப் பெயர் நிலைப்பது அவர் வார்த்த சிலையால் மட்டுமன்று; அவரிடம் வேலை கற்ற பையன்கள் தனிப் பட்டறை வைத்துப் பிழைக்கிறார்களா என்பதை ஊர் பார்க்கும். பையனுக்கு வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டு, மெழுகு எங்கே மலிவு, உலோகம் எங்கே நல்லது, யாரிடம் முன்பணம் வாங்கலாம் என்று சொல்லித்தராத ஆசானை நாங்கள் ஆசான் என்று சொல்வதில்லை. அரசுக் கல்லூரியின் முதல்வர் ஒருவர் அந்தப் பட்டறை முறையைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தார் என்றால், அவர் எங்கள் மரபை அறிந்தோ அறியாமலோ பின்பற்றினார் என்றே கொள்வேன்.

ஐயா பாத்திக் பற்றி எழுதியபோது எனக்குத் தோன்றியது: அதிலும் மெழுகுதான். துணியில் மெழுகு தடவிய இடத்தில் சாயம் ஏறாது. பிறகு வெந்நீரில் அந்த மெழுகைக் கரைத்து எடுத்துவிடுவார்கள். எங்கள் மெழுகும் வேலை முடிந்ததும் போய்விடுகிறது.

மறுமொழி 3: மேனாள் சென்னைக் கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

சுவாமிமலை நண்பரின் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் கைவினையை வேலைக்காரியாக வைத்தார்கள் என்ற முடிவுக்கு வருவதற்கு முன், அந்தக் கிராமத்திலும் கல்லூரியிலும் உருவான சிற்பங்களைப் பார்த்துவிடும்படி வேண்டுகிறேன். பி.வி. ஜானகிராமின் சிற்பங்கள் உலோகத் தகட்டை அடித்து வடித்தவை. கோயிலில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை அன்னியமாகத் தோன்றா. பணிக்கரின் மகன் நந்தகோபாலும் தகட்டையும் பற்றவைப்பையும் கொண்டு முன்பக்கம் மட்டும் பார்வைக்கு வருமாறு சிற்பங்களைச் செய்தார். காலையில் கற்ற கைவேலை மாலைக் கலைக்குள் நுழைந்துவிட்டது என்பதற்கு இவர்களே சான்று. பிரித்துவைத்தவர்கள் என்று சொல்வதைவிட, பிரிந்து கிடந்தவற்றைச் சேர்க்க முயன்றவர்கள் என்று சொல்வதே பொருந்தும் என்பது என் கருத்து.

ஆசிரியை அம்மா ஓவியங்களைப் பற்றிக் கேட்கவில்லை என்பது தெரியும். ஆனால் பணிக்கர் என்ற முதல்வரை அவருடைய ஓவியத்திலிருந்து தனியே பிரித்தெடுக்க என்னால் இயலவில்லை. 1963ஆம் ஆண்டு அவர் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. முதல்வர் பதவி, பெயர், புகழ் எல்லாம் வந்தாயிற்று. அதுவரை தீட்டிவந்த முறையைக் கைவிட்டு, படிக்க முடியாத எழுத்துகளையும் சாதகக் கட்டங்களையும் கணக்குக் குறிகளையும் படம் முழுவதும் நிரப்பினார். எழுத்துகள் மலையாள எழுத்தின் சாயலில் இருக்கும். ஆனால் எந்தச் சொல்லும் அமையாது. இதைப் புரியாத புதுமை என்று ஒதுக்கியவர்கள் உண்டு.

எனக்கு அது புரிந்தது சென்னையில் அல்ல, தஞ்சையில்தான். பெரிய கோயிலின் சுற்றுச் சுவரடியில் நடந்துபாருங்கள். இராசராசன் காலத்துக் கல்வெட்டு வரி வரியாக ஓடுகிறது. யார் எத்தனை விளக்கு கொடுத்தார், எந்த ஊர் எவ்வளவு நெல் அளந்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் சிலரே. படிக்கத் தெரியாத நாமும் அதன் முன் நின்றுவிடுகிறோம். பொருள் தெரியாத நிலையிலும் அந்த எழுத்தின் வளைவும் அடர்த்தியும் நம்மைப் பிடித்து நிறுத்துகின்றன. சாதகக் கட்டமும் அப்படித்தான். சோதிடம் அறியாத தாயும் தன் பிள்ளையின் சாதகத்தைப் பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பாள். பணிக்கர் நம் வீட்டுப் பெட்டியில் இருந்ததைத்தான் எடுத்துச் சட்டத்தில் ஏற்றினார்.

இதை மாணவர்கள் கண்ணெதிரே செய்தார் என்பதே முதல்வர் என்ற வகையில் அவர் கற்பித்த பெரிய பாடம். முதல்வரே ஐம்பது வயதுக்கு மேல் தம் பழைய வெற்றியை விட்டுவிட்டுப் புதிதாகத் தடுமாறுவதை ஒரு மாணவன் பார்க்கிறான். அவனுக்கு அதன் பிறகு சோதனை செய்து பார்ப்பதில் அச்சம் எழாது. ஆனால் தம்மைப் போலவே வரையும்படி அவர் வற்புறுத்தவில்லை என்பதை, அவரிடம் பயின்றவர்களின் படைப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே உணரலாம். துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரிலிருந்து சென்ற கே.எம். ஆதிமூலம் கருப்பு நிறக் கோடுகளைத் தன் மொழியாக்கிக்கொண்டார். ஆர்.பி. பாஸ்கரன் வேறு வழியில் சென்றார். எஸ்.ஜி. வாசுதேவின் மரங்கள் வேறு. ஹரிதாசனின் தாந்திரிக வடிவங்கள் வேறு. ஒரே அச்சில் வார்த்ததாக எதுவும் இல்லை.

கே. ராமானுஜத்தைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனிதரோடு பழகுவதும் பேசுவதும் எளிதாக வராத இளைஞர் அவர். கனவு நகரங்களையும் கோபுரங்களையும் விசித்திர உயிர்களையும் நுண்கோடுகளால் நிரப்பியவர். வழக்கமான அளவுகோலில் அவரைப் பின்தங்கிய மாணவர் என்றே எழுதிவைத்திருப்பார்கள். அவருக்குக் கல்லூரியிலும் பின்னர் சோழமண்டலத்திலும் இடம் கிடைத்தது. 1973ஆம் ஆண்டு இளவயதிலேயே அவர் மறைந்தார். அந்தக் கிராமம் எல்லாரையும் காப்பாற்றிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் விட்டுச்சென்ற படங்கள் நமக்குக் கிடைத்ததற்கு அந்த இடம் ஒரு காரணம்.

ஒரு திருத்தமும் உண்டு. இந்த வரலாற்றைப் பணிக்கர் ஒருவருடைய கணக்கில் மட்டும் எழுதிவிடக் கூடாது. மயிலாப்பூரில் பிறந்த சிற்பி எஸ். தனபால், ராய் சவுத்ரியிடம் பயின்று அதே பள்ளியில் ஆசிரியராகி, 1972 முதல் 1977 வரை முதல்வராகவும் இருந்தவர். ஆதிமூலம் போன்ற பலருக்குக் கல்லூரி வாசலைத் திறந்துவிட்டவர் அவரே. முனுசாமி, சந்தானராஜ் ஆகியோரும் பின்னாளில் அதே பொறுப்பை ஏற்றவர்கள். தமிழ் மட்டுமே தெரிந்து உள்ளூர்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இவர்களே பெரிய ஆதரவாக இருந்தார்கள். பணிக்கர் விட்டுச்சென்றவற்றுள் இந்தத் தொடர்ச்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மறுமொழி 4: தமிழாசிரியை, கும்பகோணம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கள் மறுமொழிகளை நேற்றிரவு மகளும் நானும் சேர்ந்து படித்தோம். பிறகு என் மாமனாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். தந்தி அலுவலக வேலையை விட்டு இருபத்தைந்து வயதில் கலை படிக்கச் சேர்ந்தார் என்ற இடத்தில் அவர் முகம் சுளித்தார். பாத்திக் விற்ற பணத்தில் நிலம் வாங்கினார்கள் என்ற இடத்தில் "எத்தனை ஏக்கர்?" என்று கேட்டார். நிலம் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் உள்ள மதிப்பு அப்படி.

எனக்கு இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. அந்தக் கிராமத்தில் பெண்கள் இருந்தார்களா? கலைஞர் என்றால் ஆண், அவருக்குச் சமைத்துப் போடுவது பெண் என்ற நிலையா? என் மகள் சிற்பம் படிக்க விரும்புவதால் இதைக் கேட்கிறேன். கல்லையும் உலோகத்தையும் பெண் பிள்ளையால் தூக்க முடியுமா என்று உறவினர் கேட்கும்போது சொல்வதற்கு எனக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும்.

மறுமொழி 5: ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர், மயிலாடுதுறை

அம்மா, ஏறத்தாழ எட்டு முதல் பத்து ஏக்கர் என்று தங்கள் மாமனாரிடம் சொல்லுங்கள்.

பெண்கள் இருந்தார்கள். அனிலா ஜேக்கப் என்ற சிற்பி சென்னையில் பயின்று சோழமண்டலத்தில் பணிசெய்தவர். உலோகத்தில் சிற்பம் வடித்தவர். அர்னவாஸ் என்ற ஓவியரும் அங்கே இருந்தார். ஆண்களோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. அந்தக் குறை அந்தக் கிராமத்துக்கு மட்டும் உரியதன்று. நம் பக்கத்து ஓவிய வகுப்புகளில் நான் கண்ட நல்ல கைகள் பல, திருமணத்தோடு கோலப் பொடிக்கு மட்டும் உரியவை ஆகிவிட்டன.

சுவாமிமலை நண்பர் எழுப்பிய வினாவை இரண்டு நாள்களாக எண்ணிக்கொண்டிருந்தேன். பட்டறைகளை அவர்கள் உடன் அழைத்துச் சென்றார்களா என்பதற்கு, போதுமான அளவு அழைக்கவில்லை என்றே நான் கருதுகிறேன். என் முந்தைய பதிவில் அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. நகரத்துக் கல்லூரி நம் மரபிலிருந்து வடிவத்தை எடுத்துக்கொண்ட அளவுக்கு, அந்த வடிவத்தைக் காத்துவந்த குடும்பங்களை ஆசிரியர்களாக ஏற்றுக்கொள்ளவில்லை. இதைச் சொல்வதால் பணிக்கரின் மதிப்பு குறையாது. அவர் விட்ட இடத்திலிருந்து செய்ய வேண்டியது எது என்று தெரியவரும். அந்த வேலையைச் செய்வதற்குச் சென்னையைவிடக் கும்பகோணமே தகுந்த இடம். கல்லூரியிலிருந்து சில மைலில் சுவாமிமலை. சற்றுத் தொலைவில் நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைகள். தஞ்சைக்குப் போனால் கலைத்தட்டும் தங்கரேக்கு ஒட்டிய ஓவியமும். பணிக்கர் இஞ்சம்பாக்கத்து மணலில் புதிதாகக் கட்டவேண்டியிருந்ததில் பாதி, நமக்கு இங்கே ஏற்கெனவே இருக்கிறது.

மறுமொழி 6: கலம்காரிக் குடும்பம், திருப்பனந்தாள் வட்டாரம்

பாத்திக் என்ற சொல்லைக் கண்டு எழுதுகிறேன். மெழுகு தடவிச் சாயம் ஏற்றும் வேலை சாவகத் தீவிலிருந்து (ஜாவாவிலிருந்து) வந்தது என்று மட்டும் நம் பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. கொள்ளிடக் கரையில் உள்ள கோடாலிக் கருப்பூரில், தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காகச் சரிகை சேர்த்து நெய்த பருத்திப் புடவையில், கலம் என்னும் எழுதுகோலால் மெழுகு எழுதிச் சாயம் ஏற்றினார்கள். அரசு போனதும் ஆதரவு போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டோடு அந்தப் புடவை நின்றுபோயிற்று. இன்று அதை அருங்காட்சியகத்தில்தான் பார்க்க முடியும். எங்கள் வட்டாரத்தில் கோயிலுக்கு வேண்டிய துணி அலங்காரங்களான தொம்பை, வாசமாலை, மேற்கட்டி ஆகியவற்றை எழுதுகிற சில குடும்பங்கள் சிக்கல்நாயக்கன்பேட்டைப் பக்கத்தில் இருக்கின்றன. கருப்பூர்க் கலம்காரிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

வாங்குபவர் யார் என்பதைத் திட்டமிட ஒருவர் இருந்ததால் சோழமண்டலத்துப் பாத்திக் ஒரு கிராமத்தைக் கட்டியது. வாங்கிய அரண்மனை போனபிறகு அடுத்து யாரிடம் விற்பது என்று பார்க்க ஒருவரும் இல்லாததால் கருப்பூர்ப் புடவை அழிந்தது. கைத்திறனில் எங்கள் முன்னோர் எவருக்கும் குறைந்தவர் அல்லர். ஆகவே பணிக்கரை நான் ஓவியராகப் பார்ப்பதைவிட, கணக்குத் தெரிந்த குடும்பத் தலைவராகப் பார்க்கிறேன். எங்களுக்கும் அப்படி ஒருவர் அன்று இருந்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

மறுமொழி 7: வார்ப்புப் பட்டறை, சுவாமிமலை

மயிலாடுதுறை ஐயா என் வருத்தத்தை ஏற்றுக்கொண்டு எழுதியது மனத்துக்கு ஆறுதலாக இருக்கிறது. தஞ்சாவூர் நண்பர் குறிப்பிட்ட தகட்டுச் சிற்பங்களின் படங்களைத் தேடிப் பார்த்தேன். கவசம் செய்பவரின் கை அதில் தெரிகிறது; கைவினையை வேலைக்காரியாக வைத்தார்கள் என்று நான் எழுதியதை இனி அப்படியே சொல்லமாட்டேன்.

ஆசிரியை அம்மா, கல்லூரி சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் தங்கள் மகளை ஒருமுறை எங்கள் பட்டறைக்கு அழைத்து வாருங்கள்; விருப்பமானால் மாமனாரும் வரட்டும். வருகிற புதன்கிழமை ஒரு சிறிய அம்மன் திருமேனி வார்க்கிறோம். எங்கள் வீட்டுப் பெண்கள்தாம் மெழுகு வேலையில் பாதியைச் செய்கிறார்கள். அவர்களோடு அவள் பேசட்டும். உலோகம் ஊற்றியபின் ஆறுவதற்கு விட்டுவிட்டு, மறுநாள்தான் மண்ணை உடைப்போம். அதையும் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு நாள் ஒதுக்கிக்கொண்டு வரவேண்டும். உலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்பதால் பருத்தி ஆடை உடுத்தி, கூந்தலை இறுக்கிக் கட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.